கண்ணுக்குத் தெரியும், குடத்துக்கு வராது

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கைக்கு எட்டின மாதிரி தெரிந்து கடைசியில் வராமலே போகிற எதைப் பற்றியும் அவ்வா, அதாவது என் பாட்டி, இப்படித்தான் சொல்வாள். பேசி முடித்த சம்பந்தம் கலைந்து போனாலும் சரி, பருத்தி விற்ற பணம் தரகரிடமே தங்கிவிட்டாலும் சரி, "அது கண்டிகோட்டைத் தண்ணி. கண்ணுக்குத் தெரியும், குடத்துக்கு வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். படித்தது, எழுதுவது, சண்டை போடுவது எல்லாம் தமிழில்தான்; தெலுங்கு எழுத்து எங்கள் தெருவில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் முன்னோர்கள் கண்டிகோட்டையிலிருந்து வந்தார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவ்வா கையை வடக்கே நீட்டுவாள். "நடந்தே வந்தாங்க" என்பாள். எத்தனை நாள் நடந்தார்கள், எதற்காக நடந்தார்கள், அதெல்லாம் அவளிடம் கிடையாது. அவளிடம் இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

அவ்வா போய்ப் பதினோரு வருஷம் ஆன பிறகு, இந்த ஜனவரியில்தான் நான் அங்கே போனேன்.

ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு என்ற ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கண்டிகோட்டை. சென்னையிலிருந்து மும்பை போகிற ரயில் பாதையில் கடப்பாவைத் தாண்டி முத்தனூரு என்று ஒரு ஸ்டேஷன் வரும், அங்கே இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் இறங்கியபோது இன்னும் இருட்டு. ஆட்டோக்காரரிடம் எங்கள் வீட்டுத் தெலுங்கில் வாடகை பேசினேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு "மீதி ஏ ஊரு?", உங்களுக்கு எந்த ஊர், என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். என் தெலுங்கு அவருக்குப் புரிந்தது, அதே சமயம் வேடிக்கையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வழி நெடுக என்னைப் பேசவைத்துக்கொண்டே வந்தார்.

அந்த வழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்டிகோட்டையின் படங்களைப் போனிலும் யூடியூபிலும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்று பெயர் வைத்து ஓட்டுகிறார்கள். அந்தப் படங்களை மனசில் வைத்துக்கொண்டு போனால், வழியில் பார்ப்பது எதுவும் அதோடு ஒட்டவே ஒட்டாது. கடப்பாக்கல் பலகைகளை நட்டுவைத்து வேலி கட்டிய வயல்கள், கரடு, முள்செடி, லேசாக ஏறுகிற ரோடு. மலை ஏறுகிறோம் என்பதே தெரியாது. ஆறு இருக்கும் என்று எந்த அடையாளமும் கிடையாது. எர்ரமலை என்று அந்தக் குன்றுத் தொடருக்குப் பெயர். எர்ர என்றால் சிவப்பு. மேலே போய்விட்டால் அது ஒரு மேடை மாதிரி சமதளமாகத்தான் இருக்கிறது. அந்தச் சமதளத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது, ஓர் இடத்தில் தரை முடிந்துவிடுகிறது.

கண்டி என்ற சொல்லுக்குத் தெலுங்கில் உடைப்பு என்று பொருள். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கண்மாய்க் கரை அறுத்துக்கொண்டால் "கண்டி படிந்தி" என்று கத்திக்கொண்டு மண்வெட்டியோடு ஓடுவார்கள். சின்ன வயசிலிருந்து கேட்ட சொல்தான். ஆனால் கண்டிகோட்டை என்ற பெயருக்குள் அதே கண்டிதான் இருக்கிறது என்பது அந்த விளிம்பில் போய் நிற்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. மலைக்கே கண்டி படிந்து கிடக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து நேர் கீழே கிட்டத்தட்ட 300 அடிப் பள்ளம், அதன் அடியில் பெண்ணையாறு, எதிரே மறுபடியும் 300 அடி உயரத்துக்குச் செங்குத்தாகப் பாறை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே அகலமும் பெரிதாக இல்லை, கூப்பிடு தூரம்தான்.

இது வட பெண்ணை. நமக்குத் தெரிந்த தென்பெண்ணையும் இதுவும் ஒரே நந்தி மலைப் பக்கத்தில், கர்நாடகத்தில் பிறக்கின்றன. ஒன்று தெற்கே திரும்பி ஓசூர், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று நம்மிடம் வந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. இன்னொன்று வடக்கே ஏறி அனந்தபுரம் போய்ப் பிறகு கிழக்கே திரும்பி, கடப்பா வழியாக நெல்லூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது, மொத்தம் 597 கிலோமீட்டர். அப்படிக் கிழக்கே போகிற வழியில்தான் இந்த எர்ரமலை குறுக்கே நிற்கிறது, ஆறு அதை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது.

விடியும்போது நான் ஜாமியா மசூதிக்குப் பின்னால், பாறைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். முதலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எதிர்ப்பாறையின் தலையில் மட்டும் வெயில் ஒரு கோடு மாதிரி விழுந்தது, அப்புறம் அந்தக் கோடு மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்கப் பாறை ஒவ்வொரு வரிசையாகச் சிவந்துகொண்டே வந்தது. வரிசை என்று சொல்வது சும்மா இல்லை. அந்தப் பாறை கிடையாகவும் செங்குத்தாகவும் வெடித்துப் பெட்டி பெட்டியாகத்தான் இருக்கும். பார்த்தால் யாரோ கல் கல்லாக எடுத்து அடுக்கிய மாதிரி தெரியும். கோட்டைச் சுவரும் அதே கல்லை எடுத்து அடுக்கியதுதான், அதனால் எது வரை மலை, எங்கிருந்து சுவர் என்று சில இடங்களில் உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். வெயில் பாதிப் பாறை இறங்கின பிறகும் கீழே தண்ணீர் இருட்டாகத்தான் கிடந்தது. ஒரு பருந்து பறந்தது. எனக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன், இறக்கை மேல் பழுப்பில் வெளிர்ப் பட்டை ஒன்று ஓடும், தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிற நமக்கு அது தெரியவே தெரியாது.

நான் உட்கார்ந்திருந்த கல்லைக் கையால் தடவிப் பார்த்தேன், வரி வரியாக இருந்தது. விரல் அகலத்துக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடியும் மேடு. எங்கள் ஊர்க் கண்மாய் வற்றும்போது ஓரத்து மணலில் தண்ணீர் போட்டுவிட்டுப் போகிற அதே வரி. இது அலைத்தடம். இந்தப் பாறை ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலோர மணல், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மணல், இறுகி இறுகிக் குவார்ட்சைட் ஆகிவிட்டது. நிலவியல்காரர்கள் இந்த அடுக்குக்கே கண்டிகோட்டா குவார்ட்சைட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியில் புல் பூண்டு முளைக்கும் முன்னால் ஓர் அலை வந்து போன தடம் என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. அந்தக் கல்லை விட்டு எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

விளிம்பில் தடுப்பு எதுவும் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்காக நுனிக்கல்லில் ஏறி நிற்கிறவர்களை அன்றைக்கு மட்டும் நாலைந்து பேரைப் பார்த்தேன், எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தக் கற்கள் ஒட்டி வைத்தவை இல்லை, அடுக்கி வைத்தவை.

கோட்டைக்குள் ஓர் ஊர் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது, ஏனென்றால் வருகிறவர்கள் நேராகப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரும்புத் தகடும் முள்ளும் பதித்த பெரிய மரக்கதவு கொண்ட வாசல் வழியாக உள்ளே போனால், முதலில் வருவது சின்னச் சின்ன வீடுகள், கல் சுவர், முன்னால் ஆடு, கயிற்றில் காயும் சேலை, வாசலில் கோலம். வீதியின் ஓரத்தில் சார்மினார் என்று ஊரார் சொல்கிற குட்டிக் கோபுரம் ஒன்று, அது புறாக்கூடு. அதைத் தாண்டினால் சிறைச்சாலை, தானியக் களஞ்சியம், மசூதி, மாதவராயர் கோயில், இன்னும் தள்ளி விளிம்பை ஒட்டி ரங்கநாதர் கோயில். அந்தச் சிறைச்சாலை நிழலில் ஒரு பாட்டி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த நமக்கு அது நினைவுச்சின்னம், அவருக்கு அது நிழல்.

"அவ்வா" என்று கூப்பிட்டேன். யோசித்துக் கூப்பிடவில்லை, எங்கள் வீட்டில் வயசான பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி வாயில் வந்துவிட்டது. இந்த ராயலசீமைப் பகுதியிலும் பாட்டியை அவ்வா என்றுதான் சொல்கிறார்கள் என்பது அவர் நிமிர்ந்து "ரா", வா, என்று சொன்னபோதுதான் தெரிந்தது. ஒரு கை கடலையை என் கையில் கொட்டினார். இனி இந்தக் கட்டுரையில் கண்டிகோட்டை அவ்வா என்று வந்தால் அது அவர்தான்.

ஊரின் கதைக்கு வருகிறேன். 1123-ல் காப்பராஜா என்ற சிற்றரசன், கல்யாணிச் சாளுக்கியருக்குக் கீழ் இருந்தவன், இங்கே முதலில் ஒரு மண் கோட்டை எழுப்பினான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இப்போது நாம் பார்க்கிற கோட்டையும் கோயில்களும் பெரும்பாலும் விஜயநகரக் காலத்தில் இதை ஆண்ட பெம்மசானி நாயக்கர்களுடையவை. கிருஷ்ணதேவராயரின் தளபதிகளில் பேர்பெற்ற பெம்மசானி ராமலிங்க நாயுடு இந்த வம்சம்தான். இதே ஆற்றங்கரையில், ரயிலில் கொஞ்ச தூரத்தில் தாடிபத்ரி இருக்கிறது. அங்கே உள்ள புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலையும் சிந்தல வேங்கடரமணர் கோயிலையும் கட்டியவர்களும் இவர்களே. ராமலிங்கேஸ்வரர் கோயிலில் முடிக்காமல் விட்ட கோபுரங்களின் அடிப்பகுதி இருக்கிறது பாருங்கள், கல்லில் அத்தனை நுணுக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காகவே தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

இவ்வளவு சின்ன ஊருக்காக ஏன் இத்தனை பேர் சண்டை போட்டார்கள் என்று கேட்டால், விளிம்பில் நின்றாலே பதில் தெரிந்துவிடும். ஒரு பக்கத்தை ஆறு பார்த்துக்கொள்கிறது. மதில் கட்ட வேண்டியது மீதிப் பக்கத்துக்கு மட்டும்தான்.

இதை நேரில் பார்த்து எழுதிவைத்த ஆள் ஒருவர் இருக்கிறார். ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே, பிரெஞ்சுக்கார வைர வியாபாரி. 1652 செப்டம்பரில், சென்னைப்பட்டினம் வழியாக, கையில் விற்பனைக்கு முத்தும் ரத்தினமும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோல்கொண்டா சுல்தானின் அமைச்சரும் தளபதியுமான மீர் ஜும்லா பெம்மசானிகளிடமிருந்து கோட்டையைப் பிடித்திருந்தார். தவெர்னியே எழுதுவதைப் பார்த்தால் கோட்டைக்குப் போக ஒரே பாதை; மலையைச் செதுக்கிய பாதை, சில இடங்களில் ஏழெட்டு அடி அகலம்தான், வலது பக்கம் பயங்கரமான பள்ளம், அடியில் ஆறு. உள்ளே இருந்தவர்கள் காவல் காக்க வேண்டியிருந்தது 400, 500 காலடி தூரத்தை மட்டும்தான். அவர்களிடம் இருந்தவை இரண்டே இரண்டு இரும்பு பீரங்கிகள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, அடிக்கடி வெளியே பாய்ந்து தாக்கி, மீர் ஜும்லாவின் படையில் நிறையப் பேரைச் சாய்த்திருக்கிறார்கள்.

கடைசியில் மீர் ஜும்லா ஐரோப்பியப் பீரங்கிக்காரர்களை வரவழைத்தார். பீரங்கியை மலைமேல் ஏற்றிக் காட்டுங்கள், நாலு மாதச் சம்பளம் கூடுதல் என்றார். அவர்கள் நாலு பீரங்கிகளை எப்படியோ மேலே ஏற்றிவிட்டார்கள். வாசலில் இருந்த கோட்டைப் பீரங்கி அடிபட்டுச் செயலிழந்தது, வாசல் பாதி இடிந்தது. உள்ளே இருந்தவர்கள் பேசி, கௌரவமான நிபந்தனைகளோடு வெளியேறினார்கள் என்கிறார் தவெர்னியே. கைபீது என்கிற உள்ளூர்ப் பழைய ஏடு இவ்வளவு கௌரவமாகச் சொல்லவில்லை. அதில் துரோகமும் நஞ்சும் வருகிறது.

கௌரவமாகவோ இல்லையோ, வெளியேறினார்கள். அந்த இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது. ஆந்திர தேசத்திலிருந்து தெற்கே வந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு சண்டையில் வந்தவர்கள் இல்லை, மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கின காலத்திலிருந்தே அலை அலையாக வந்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்துக் குருவிகுளம் ஜமீன் பெம்மசானி வழிதான். கண்டிகோட்டை என்ற பெயர் கரிசல் காட்டுத் திண்ணைகளுக்கு எப்படி வந்தது என்பதற்கு இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வாசல் வழியாக யாரோ ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நடந்துபோயிருக்கிறாள். இடிந்த கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்திருப்பாள் அல்லவா?

மீர் ஜும்லாவைப் பற்றித் தவெர்னியே சொல்கிற இன்னொரு காட்சியை விட முடியவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். கால்விரல் இடுக்குகளில் கடிதங்கள், இடது கை விரல் இடுக்குகளில் கடிதங்கள். ஒரு தடவை காலிலிருந்து ஒன்றை உருவுகிறார், ஒரு தடவை கையிலிருந்து, பதிலைச் சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதுகிறார்கள். வைரப் பைகளைத் திறந்து காட்டுகிறார். கோயில்களிலிருந்து எடுத்த செப்புச் சிலைகளை உருக்கிப் பீரங்கி வார்க்கச் சொல்லி, க்ளோத் மாய் என்ற பிரெஞ்சுக்காரரை நியமித்திருந்தாராம். எல்லாம் உருகியதாம், கண்டிகோட்டைக் கோயிலின் ஆறு சிலைகள் மட்டும் என்ன செய்தும் உருகவில்லையாம். பீரங்கி வார்க்கும் வேலை கடைசி வரை உருப்படவில்லை. மாதவராயர் கோயிலுக்குள் போனபோது கருவறை வெறுமையாக இருந்தது, வௌவால் வாடை அடித்தது. தூண்களில் மட்டும் யாளியும் நடன மாதரும் அப்படியே இருக்கிறார்கள். நான் கொஞ்ச நேரம் அந்த ஆறு சிலைகளையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஊர் பல கை மாறியது. கடப்பா நவாபுகள், மைசூர், நிஜாம், கடைசியில் 1800-ல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த மாவட்டங்களோடு இதுவும் போயிற்று. பீரங்கிக் காலம் முடிந்ததும் கோட்டைக்கு வேலை இல்லை. ஊர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். அவ்வாவின் பேச்சு.

மத்தியானம் வெயில் ஏறியதும் தாகம் எடுத்தது, கொண்டுபோன பாட்டில் காலி. மசூதிக்கு எதிரே கத்துல கோனேரு என்று ஒரு குளம் இருக்கிறது, கத்திக் குளம் என்று தமிழில் சொல்லலாம். சண்டை முடிந்து வாளைக் கழுவியதால் தண்ணீர் சிவந்தது என்று கதை. அந்த மண்ணே சிவப்புதான். இன்னொரு பக்கம் ராயல செருவு என்ற ஏரி. தவெர்னியேவும் இந்த மேட்டில் சின்னச் சின்ன ஊற்றுகள் இருந்ததையும், அதை வைத்து நெல்லும் சிறுதானியமும் விளைந்ததையும் எழுதுகிறார். குளம், ஏரி, ஊற்று, களஞ்சியம். முற்றுகையில் மாதக் கணக்கில் உள்ளே இருந்தவர்கள் இவற்றை நம்பித்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆறு அவர்களுடையது இல்லை. எட்டிப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். 300 அடிக்குக் கயிறு விட்டு யார் இறைப்பது? எதிரியிடமிருந்து காப்பாற்றுகிற அதே செங்குத்துப் பாறை, குடத்தையும் தண்ணீரிடம் விடவில்லை.

அவ்வா இந்த ஊரைப் பார்த்ததில்லை. அவளுடைய அவ்வாவும் பார்த்திருக்க மாட்டாள். பெயர்களை மறந்து, வருஷத்தை மறந்து, ராஜாவை மறந்து, சண்டையையே மறந்து, பத்துப் பன்னிரண்டு தலைமுறைப் பெண்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்: அங்கே கீழே தண்ணீர் தெரியும், மொள்ள முடியாது. தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள். அதனால் அதுதான் நினைவில் நின்றிருக்கிறது. கண்டிகோட்டையைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த ஒரு வரி இல்லை.

இப்போது கீழே தெரிகிற பச்சைத் தண்ணீர் பெரும்பாலும் மைலவரம் அணையின் தேக்கம். முன்பெல்லாம் பெண்ணை மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு, வெயில் காலத்தில் மணல்தான். மேலே மேற்குப் பக்கம் கண்டிகோட்டை நீர்த்தேக்கம் என்று இன்னொரு அணை வந்துவிட்டது. ஸ்ரீசைலத்தில் தேங்கும் கிருஷ்ணா நீரைக் கால்வாயும் சுரங்கமுமாகக் கொண்டுவந்து சேமிக்கிறார்கள், கொள்ளளவு 26.85 டிஎம்சி. காய்ந்த சீமைக்கு அது பெரிய விஷயம், நானும் காய்ந்த ஊர்க்காரன்தான், தண்ணீரின் அருமை தெரியும். ஆனால் அந்தத் தண்ணீருக்காகப் பல ஊர்கள் காலி செய்யப்பட்டன. கண்டிகோட்டை அவ்வாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரும் அதில் ஒன்று. வேப்பமரத்தை வெட்டி விற்றுவிட்டு, நிலைக்கதவை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். போகிற இடத்தில் வீடு எப்படி அமைந்தாலும் கதவு பழசாக இருக்கட்டும் என்று.

சாயங்காலம் மறுபடியும் விளிம்புக்குப் போனேன். சாயங்கால வெளிச்சம் காலையைப் போல இல்லை, கூட்டமும் அதிகம், ஆனால் எல்லோரும் ஒரு பக்கமாகவே நிற்பார்கள், ரங்கநாதர் கோயில் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் தனியாக இருக்கலாம். வெயில் சாய்ந்து பாறையின் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக நிழல் விழுந்தது. தண்ணீரின் மேல் எதிர்ப்பாறை தலைகீழாக நின்றது. எதிர்க்கரையில் எங்கோ ஆட்டு மணி, கண்ணுக்கு ஆடு தெரியவில்லை, சத்தம் மட்டும் பள்ளத்தைத் தாண்டி அப்படியே வருகிறது. கண்டிகோட்டை அவ்வா தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார், எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் ஊருக்குப் போன் போட்டேன். பெத்தம்மாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவிக்கு, 78 வயசு. அவ்வாவின் பேச்சு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. வீடியோவில் முகத்தைப் பார்த்ததும் முதலில் சாப்பிட்டாயா என்றார். அப்புறம் "நீள்ளு தெரியுதா?", தண்ணீர் தெரிகிறதா, என்று கேட்டார், எங்கள் வீட்டுப் பாணியில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நான் போனைத் திருப்பிப் பள்ளத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை, பெத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் கேட்டார், "தோவ உந்தா?" வழி இருக்கிறதா, இறங்குவதற்கு.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டிகோட்டை அவ்வா பதில் சொல்லிவிட்டார். "உந்தி, உந்தி" என்று போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். வலது பக்கம் கொஞ்ச தூரம் போனால் பாறை இடுக்கு ஒன்று இருக்கிறதாம், ஆடு இறங்குமாம், சின்ன வயசில் அவரும் இறங்கியிருக்கிறாராம், ஆனால் குடத்தோடு ஏற முடியாதாம். பெத்தம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். யார் பேசுவது என்று கேட்டார். இந்த அவ்வா, பெத்தம்மா யார் என்று கேட்டார். எத்தனை பிள்ளைகள், மழை உண்டா, என்ன போட்டிருக்கிறீர்கள், கடலை என்ன விலை. ஒருவர் பேசுகிற சில வார்த்தைகள் இன்னொருவருக்குப் பிடிபடாமல் இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. பெத்தம்மாவின் பேச்சில் தமிழ் கலந்திருந்தது, இந்த அவ்வாவின் பேச்சில் உருது கலந்திருந்தது. ஒரு சொல்லை மட்டும் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள், நீள்ளு.

கண்டிகோட்டை அவ்வா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விளிம்பை நோக்கி இரண்டு எட்டு நடந்தார், அந்தப் பாறை இடுக்கைக் காட்டுவதற்கு. நான் அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டேன்.